கிணற்றுக்குள் நூற்று எழுபத்தொரு பேர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இது என்னோடு வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், என் அக்காவுக்குத் தெரியும், நான் விளையாடும் விளையாட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அங்கே என் பெயரே கடுகு. ஆனால் தச்சரின் அறிவிப்பைப் படித்த அன்று வந்த கோபத்தில் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தது என்றுதான் நினைத்தேன். யார் மேல் கோபப்பட வேண்டும் என்பதில்தான் கோட்டை விட்டேன்.

விளையாட்டு என்றால் பந்தும் கிடையாது, படமும் கிடையாது. முழுக்க எழுத்து. உள்ளே நுழைந்தால், "நீங்கள் ஒரு தெருமுனையில் நிற்கிறீர்கள். வடக்கே சந்தை இரைகிறது. கிழக்கிலிருந்து தார் வாசனை வருகிறது" என்று நாலு வரி வரும். வடக்கு என்று தட்டினால் சந்தைக்குப் போய்விடலாம். அங்கே இன்னொருவர் நின்றால் அவர் பெயர் தெரியும். அவரும் எங்கேயோ ஓர் அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிற மனிதர்தான். அவரோடு பேசலாம், சண்டை பிடிக்கலாம், சேர்ந்து ஒரு மலையைக் கடக்கலாம். பத்தொன்பது வருடமாக இது ஓடுகிறது. அதில் எண்ணூறு இடங்களை எழுதியவள் நான். பகலில் பல் மருத்துவர்களுக்கு கேப்பும் பல் செட்டும் செய்து கொடுக்கிற லேப்பில் வேலை. மதிய இடைவேளையில் கையில் ஒட்டிய அச்சு மாவைக் கழுவிவிட்டு இங்கே வந்துவிடுவேன்.

இதைக் கட்டியவரைத் தச்சர் என்போம். நிஜத்தில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அன்று அவர் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தது இது.

"கடந்த மூன்று மாதத்தில் புதிதாக வந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒரு வாரத்துக்கு மேல் தங்கியவர் ஒருவர்கூட இல்லை. பழைய ஆட்கள் முப்பது பேரும் ஒவ்வொருவராகக் குறைகிறோம். இந்த மாதக் கடைசிக்குள் புதியவர் பத்துப் பேராவது தங்காவிட்டால் மெஷினை அணைத்துவிடுகிறேன். ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிய வேண்டாம். கடுகு, புதியவர்களை இழுக்கிற மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாலு வரி படிக்க வலிக்கிறது அவர்களுக்கு. கண்ணைப் பறிக்கிற படம் வேண்டும், வெடி வெடிக்க வேண்டும், மூன்று நொடிக்கு ஒருமுறை யாராவது கை தட்டி ஆகா என்று சொல்ல வேண்டும். இந்தச் சோம்பேறிகளுக்காக நான் பக்கம் எழுத வேண்டுமாம். ஒரு கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை மெழுகில் செதுக்கிக்கொண்டே மனதுக்குள் அவர்களைத் திட்டித் தீர்த்தேன்.

திட்டினாலும் எழுதினேன். நாலாயிரத்துச் சொச்சம் இடங்கள். அறுபத்தோரு வகை ஆயுதங்கள். கடலுக்கடியில் ஒரு நூலகம். கோட்டை வாசலில் எழுத்துக் குறிகளாலேயே நான் வரைந்த பெரிய கதவு. அதற்கு மூன்று வாரம் ஆனது. சாய்கோடு, படுக்கைக் கோடு, நட்சத்திரப் புள்ளி என்று அடுக்கி அடுக்கி, தள்ளி நின்று பார்த்தால் ஆணி அடித்த மரக்கதவு மாதிரியே இருக்கும். கடைசியாகக் கிணற்றைப் பற்றி எழுதினேன். அதுதான் எங்கள் பெருமை. ஊருக்குள் போகிற வழியில் ஒரு தோட்டம். அதில் சருகு மூடிய பாழுங்கிணறு. புதியவர் யாராக இருந்தாலும் அதில் விழுவார். தானாக ஏற முடியாது. வாசல் குரல் என்று ஒரு வசதி உண்டு. அதில் கூப்பிட்டால் ஊரில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். யாராவது கிணற்றடிக்கு ஓடிவந்து கயிறு போட்டால்தான் வெளியே வரலாம். அப்படித்தான் இங்கே முதல் சிநேகிதம் பிடிக்கும். பத்தொன்பது வருடத்துக்கு முன் நானும் அப்படி விழுந்தேன். முகம் தெரியாத ஒருவர் கயிறு போட்டார். "பயந்துட்டியா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் மறுநாளும் வந்தேன்.

எழுதியதை அன்று சாயங்காலம் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஓர் இன்ஜினியர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வீட்டு பிளான் வரைந்தாள். ஒரு வீட்டுக்குள் நுழைந்து சுற்றிவிட்டு வந்தால் எந்தச் சுவர் எத்தனை அடி என்று காகிதத்தில் போட்டுவிடுவாள். சர்க்கரை கண்ணுக்குப் போய், இரண்டு வருடத்துக்கு முன் பார்வை முழுக்கப் போனது. நானும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறேன். பார்வை போனதிலிருந்து அவள் எழுந்தால் போதும், அத்தான் ஓடிவந்து முழங்கையைப் பிடிப்பார். அவர் இல்லாவிட்டால் நான் பிடிப்பேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிடிப்பாள். அடுத்த வீட்டுக்காரி பிடிப்பாள். அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் அவளுக்கு எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும். காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். செய்தி கேட்கிறாள், கதை கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

நான் வாய் கிழியப் படித்து முடித்தேன். அக்கா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"அந்தக் கதவு இருக்கே, அதை வரைஞ்சது நீயா?" என்றாள்.

"ஆமா. மூணு வாரம் ஆச்சு."

"நீதானா. உள்ள போறப்ப எல்லாம் அது என் காதுல என்ன சொல்லும் தெரியுமா? சாய்கோடு, சாய்கோடு, கோடு, கோடு, நட்சத்திரம், கோடு. ரெண்டு நிமிஷம் ஓடும். நிறுத்தவும் முடியாது. முதல் நாள் மெஷின் கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன்."

எனக்கு உடனே புரியவில்லை. "உள்ள போறப்பன்னா?"

"ஏழு நாள் போனேன். போன மாசம்." கத்தியைக் கீழே வைத்தாள். "எழுத்து மட்டும்தான்னு நீ சொல்லிக்கிட்டே இருப்பியே. அப்போ எனக்கும் உனக்கும் அங்க ஒரே கண்ணுதானேன்னு தோணுச்சு. வடக்குன்னு தட்டுனா நானே வடக்க போறேன். யாரும் கையைப் பிடிக்கல. இடிச்சுக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் தனியா நடந்தேன்டி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அங்கயும் வந்து முழங்கையைப் பிடிப்ப."

சரி, பிறகு ஏன் நிறுத்தினாய் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"கிணத்துல விழுந்தேன். நீ இப்போ பெருமையா படிச்சியே, அதே கிணறு. முக்கால் மணி நேரம் கூப்பிட்டேன். யாரும் வரல."

"ஆள் இல்லாத நேரமா இருக்கும்."

"மத்தியானம் ஒரு மணி. யார் யார் இருக்காங்கன்னு கேட்டேன், பதினாலு பேர் பட்டியல் வாசிச்சுது. நாலாவது பேரு கடுகு."

பீன்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி சமையலறைக்குப் போனாள். நான் எழுந்து முழங்கையைப் பிடிக்கவில்லை. பிடிக்கிற தைரியம் இல்லை.

அன்று இரவு முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் இருந்திருக்கிறேன், அவள் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்காமல் போகும்? பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மதியம், ஒரு புதிய ஆள் வாசல் குரலில் "கதவை எப்படித் திறப்பது" என்று ஏழு முறை கேட்டுத் தொலைத்தான். எரிச்சலில் வாசல் மூடு என்று ஒரு கட்டளை தட்டினேன். அதைத் தட்டினால் புதியவர்களின் சத்தம் நம் திரையில் வராது. நாளைக்குத் திறந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளை ஆறு வருடமாக வரவில்லை.

மறுநாள் தச்சரிடம் கேட்டேன். மூன்று மாதமாக வாசல் குரலில் வந்தது எல்லாம் மெஷினில் பதிவாகியிருக்குமே, அதை அனுப்புங்கள் என்றேன். எதற்கு என்றார். அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார். இருநூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொரு பேர் வாசலோடு போயிருந்தார்கள். மீதி நூற்று எழுபத்தொரு பேரும் கிணற்றில் விழுந்திருந்தார்கள்.

லேப்பில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஹலோ. ஹலோ. இங்கிருந்து எப்படி வெளியே வருவது. ஏறு. மேலே. குதி. காப்பாத்துங்க. ஒருவன் பாட்டுப் பாடியிருந்தான். ஒருத்தி, "சரி, இங்கேயே குடித்தனம் வெச்சுடறேன், அடுப்பு மட்டும் யாராவது போடுங்க" என்று எழுதிவிட்டு இருபது நிமிடம் காத்திருந்து போயிருந்தாள். இன்னொருவர், "இருட்டை ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க, ஈர மண் வாசனையே வருது, ஆனா யாருமே இல்லையே" என்று எழுதியிருந்தார். அந்த இருட்டை எழுதியவள் நான்தான். ஒரு நாள் தப்பித் தவறி இருவர் ஒரே நேரத்தில் விழுந்திருந்தார்கள். அரை மணி நேரம் கலகலவென்று பேசி, ஃபோன் நம்பர் மாற்றிக்கொண்டு, "வா, வேற விளையாட்டுக்குப் போகலாம்" என்று சேர்ந்தே கிளம்பியிருந்தார்கள். இவர்களைத்தான் நான் படிக்கச் சோம்பேறிகள் என்று திட்டினேன். எங்கள் சந்தையைவிட அந்தக் கிணற்றுக்குள் சிரிப்பும் பேச்சும் அதிகம் இருந்தது.

அக்கா தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அளவுகோல். ஆறு நாள் கோட்டைக்கு வெளியே இருந்த இடங்களை எல்லாம் அடி அடியாக அளந்திருக்கிறாள். அவள் வாசல் குரலில் எழுதியதும் பதிவில் இருந்தது. "கயிறு திரிக்கிற தெருவுலேர்ந்து கிழக்க போயிட்டு மேற்க திரும்பினா அதே தெருவுக்கு வரமாட்டேங்குது. யாராவது சரி பண்ணுங்க." அந்தத் தெருவை எழுதியவளும் நான். இத்தனை வருடமாக யாரும் கண்டுபிடிக்காத பிழை. அடுத்த நாள் அதையே மறுபடி சொல்லியிருந்தாள். அதற்கு அடுத்த நாளும். ஏழாம் நாள் கிணற்றுக்குள்ளிருந்து, "மேலே யாராவது இருக்கீங்களா" என்று ஒன்பது முறை. கடைசியில், "சரி, நான் கிளம்பறேன்."

ஒரு பல் செட்டுக்கு அன்று நான் தவறான நிறத்தில் பல் வைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் கத்தினார். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று வேலை முடிந்ததும் லேப்பிலிருந்தே, விளையாட்டுக்குள் இருக்கிற ஊர் மண்டபத்தில் கூட்டம் கூட்டினேன். என்னோடு சேர்த்துப் பதின்மூன்று பேர் இருந்தோம். நூற்று எழுபத்தொரு பேரின் கடைசி வரிகளையும் ஒன்று விடாமல் சுவரில் ஒட்டினேன். பிறகு மீசை ஆரம்பித்தார். மீசை நிஜத்தில் ஒரு தபால் அலுவலகத்தில் கட்டுப் பிரிப்பவர். எங்களில் மூத்த ஆட்டக்காரர்.

"இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கிணத்துல ஒரு ஏணி வெச்சா முடிஞ்சுது. ஏறிப் போய்க்கட்டும். யாருக்கும் தொந்தரவு இல்ல."

ஆமாம், ஏணி, ஏணி என்று வரிசையாகத் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. படபடவென்று தட்டினேன்.

"தொந்தரவா? உங்களை யார் சார் தூக்கினது? ஏணியா தூக்குச்சு? நாம எல்லாரும் யாரோ ஒருத்தர் கையால மேல வந்தவங்க. வந்து உக்காந்ததும் காதைப் பொத்திக்கிட்டோம். அப்புறம் ஆள் வரல, ஆள் வரலன்னு ஒப்பாரி. நாலாயிரம் இடம் இருக்குன்னு சொன்னா யாரு வருவாங்க? நாலாயிரம் இடத்துல ஒரு இடத்துலயாவது வாங்கன்னு சொல்ல ஆள் வேணாமா? எங்க அக்கா இந்தக் கிணத்துல முக்கால் மணி நேரம் கிடந்தா. கண்ணு தெரியாதவ. நான் அதே நேரத்துல சந்தையில உக்காந்து உங்ககூட மீன் விலை பேசிக்கிட்டிருந்தேன்."

மீசை மழுப்பினார். "கயிறு போட யாராவது ஒருத்தர் இருப்பாங்கன்னு நினைச்சோம்."

"வாசலைத் திறந்து வெச்சிருக்கிறவங்க யாரு யாருன்னு சொல்லுங்க," என்று தச்சர் கேட்டார். அவரே மெஷினில் பார்த்துவிட்டுச் சொன்னார். முப்பது பேரில் ஒருவரும் இல்லை. "என்னுதும் மூடித்தான் இருக்கு," என்றும் சொன்னார். கடைசியாகத் திறந்து வைத்திருந்தவர் நத்தை. லாரி ஓட்டுநர். ஒரு வரி தட்ட ஒரு நிமிடம் எடுத்துக்கொள்வார், அதனால் அந்தப் பெயர். ஓய்வு நேரத்தில் லாரியில் உட்கார்ந்தபடி, மூன்று வருடமாக அவர் ஒருவரே அத்தனை பேரையும் தூக்கிவிட்டிருக்கிறார். நாலு மாதத்துக்கு முன் வேலை மாறி விடைபெற்றுப் போனார். நாங்கள் மாலை போட்டு, வாழ்த்துப் பாடி அனுப்பினோம். அவர் செய்துகொண்டிருந்தது இன்னது என்று ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஓட்டு எடுத்தார்கள். ஏணிக்கு ஒன்பது. கயிற்றுக்கு நாலு. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஏணி வைத்தால் நான் எழுதிய எண்ணூறு இடத்தையும் அழித்துவிட்டுப் போய்விடுவேன் என்று தட்டினேன். சும்மா மிரட்டவில்லை. அழிக்கிற கட்டளையை அடித்து வைத்துவிட்டு, விரலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தச்சர் வெகுநேரம் கழித்து, "மாசக் கடைசி வரைக்கும் ஏணி வேண்டாம்" என்றார். வாசல் மூடு என்ற கட்டளையையே எடுத்தெறிந்தார். இனி யார் கூப்பிட்டாலும் எல்லோருக்கும் கேட்கும். சத்தம் தாங்கவில்லை என்று மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

என் கதவை அன்றே அழித்தேன். அந்த இடத்தில், "முன்னால் ஆணி அடித்த மரக்கதவு. தொட்டால் சில்லென்றிருக்கிறது. திறந்துதான் இருக்கிறது" என்று மூன்று வரி எழுதினேன். கயிறு திரிக்கிற தெருவைச் சரி செய்தேன். நான் எழுதிய பெருமைப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். வீட்டுக்குப் போய் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வா, கதவு போய்விட்டது, இப்போது கேட்கும் என்றேன்.

"கூட்டிட்டுப் போக நான் என்ன கோவிச்சுக்கிட்ட சம்பந்தியா?" என்றாள். "வேணும்னா ஒன்னு பண்ணு. நான் விழுந்த இடத்துல எத்தனை பேர் விழறாங்கன்னு பாரு. என்னை விட்டுடு."

பார்த்தேன். தினமும் ஒன்று முதல் ஒன்றே முக்கால் வரை, லேப்பில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் ஃபோனை வைத்துக்கொண்டு, கிணற்றடியில் நின்றேன். மற்ற நேரத்துக்கு ஆள் போட்டுக்கொண்டோம். நம்ப மாட்டீர்கள், காலை நேரத்தை மீசை எடுத்துக்கொண்டார். "ஏணிதான் சரி" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் கயிறு போடுகிறார் என்று கேள்வி. முதல் நாள் ஒருவன் விழுந்தான். தூக்கிவிட்டேன். நன்றிகூடச் சொல்லாமல் ஓடிப்போய், மறுநாள் திரும்பி வந்து என்னோடு இடைவேளை முழுக்கச் சண்டை பிடித்தான். மூன்றாம் நாள் இரண்டு பேர். ஆறாம் நாள் ஒரு பெண், பயந்துட்டியா என்று கேட்டதும், "பின்ன?" என்று சிரித்தாள். ஒரு வாரம் தாண்டியும் வந்துகொண்டிருப்பவர்கள் நாலு பேர் என்று தச்சர் பலகையில் எழுதினார்.

கிணற்றுக்குள் ஒரு பெயர் மட்டும் அசையாமல் கிடந்தது. இந்த விளையாட்டில், ஒரு வாரம் முழுதாக வந்தவர்தான் விட்டுப்போன இடத்திலேயே இருப்பார்; மற்றவர்கள் பெயரை மெஷின் அழித்துவிடும். உள்ளே எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "அடியில் அளவுகோல் உட்கார்ந்திருக்கிறார். உறங்குகிறார்" என்று வரும். தினமும் அதைப் படித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன்.

பத்தாம் நாள். ஒன்று ஐந்து. ஒரு வரி வந்தது.

"மேலே யாராவது இருக்கீங்களா?"

அளவுகோல். கையைப் பேன்ட்டிலேயே துடைத்துக்கொண்டேன்.

"இருக்கேன். கயிறு போடறேன், பிடிச்சுக்கோங்க."

கயிறு இறங்கியது. ஏறி வந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தொன்பது தெரு. அவள் வீட்டில், நான் லேப்பில். ஆனால் திரையில் ஒரே கிணற்றடியில் நின்றோம்.

"பயந்துட்டியா?" என்று தட்டினேன்.

"இல்ல. கோபமா இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கு."

இருக்கட்டும் என்றேன். அடுத்து நான் செய்ததுதான் என் புத்தி. யோசிக்காமல் பின்தொடர் என்ற கட்டளையைத் தட்டினேன். அவள் போகிற இடமெல்லாம் நானும் கூடவே போவதற்கு. ஊரைச் சுற்றிக் காட்டலாம், சந்தையில் படி இருக்கிறது, சொல்ல வேண்டும் என்று என் விரல் முந்திக்கொண்டது. அவள் திரையில், "கடுகு உங்களைப் பின்தொடர்கிறார்" என்று வாசித்திருக்கும்.

மறுநொடி என் திரையில் வந்தது: "அளவுகோல் உங்களை உதறிவிட்டார்."

அதன் கீழே அவள் எழுதினாள். "நீ இங்கயே நில்லு. அடுத்த ஆள் விழுவான்."

பிறகு ஒரே ஒரு வரி.

"அளவுகோல் வடக்கே போகிறார்."

மாதக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. தச்சர் கணக்கில் இன்னும் ஆறு பேர் வேண்டும். நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றேன்.